வடிவமும் பணியும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சிந்தனை

முன்னுரை

மனிதன் தன் வாழ்வுக்கென ஆக்கிக்கொண்ட எப்பொருளை நோக்கினாலும், அதில் வடிவம், பணி என்னும் இரு கூறுகள் இணைந்திருப்பதைக் காண்கிறோம். குடத்தின் வாய் குறுகியிருப்பது, நீர் தளும்பாமல் இடுப்பில் ஏந்திவருவதற்கு. முறத்தின் வாய் அகன்றிருப்பது, மணி பின்தங்கப் பதர் முன்சென்று விழுவதற்கு. இவற்றை வனைந்த கைகளும் முடைந்த கைகளும் இதற்கென நூல் எதனையும் கற்றவை அல்ல. பணியே அவற்றிற்கு ஆசிரியனாக இருந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் 1896-இல் உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களைப் பற்றி எழுதியபோது, கட்டடத்தின் தோற்றம் அது ஆற்றவிருக்கும் பணியிலிருந்தே பிறக்க வேண்டும் என்னும் கொள்கையை நிலைநாட்டினார். நம் நாட்டுக் குயவரும் வேளாளரும் அதனைக் கொள்கையாக எழுதிவைக்கவில்லை, கையால் செய்துகாட்டினர்.

பொருள்களைப் பொறுத்தவரை இவ்வுறவு எளிதில் விளங்கும். குடம் ஒழுகினால் உடனே தெரிந்துவிடும். மனிதர் கூடி அமைக்கும் நிறுவனங்களின் நிலை அவ்வாறன்று. ஒழுகும் நிறுவனம் பல்லாண்டுகள் நிறைகுடம் போலவே காட்சியளிக்கக் கூடும். குழு கூடும், நடவடிக்கைக் குறிப்பு எழுதப்படும், கையொப்பம் இடப்படும், ஆயினும் எதற்காக அக்குழு அமைந்ததோ அப்பணி நடைபெறாதிருக்கும். இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. பணி உயிரோட்டத்துடன் நடந்துகொண்டிருக்கும். ஆனால் அதற்குரிய வடிவம் சட்டத்திலும் ஏட்டிலும் மறுக்கப்பட்டிருக்கும். இவ்விரு நிலைகளையும், இவற்றிற்கு இடைப்பட்ட நிலை ஒன்றையும், காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஏரி நாடு தொழில் நாடானது

திருப்பெரும்புதூர் வைணவ ஆசாரியர் இராமானுசர் பிறந்த ஊர் எனப் பல நூற்றாண்டுகளாகப் போற்றப்படுவது. அதனைச் சூழ்ந்த நிலப்பகுதி, ஏரி மாவட்டம் எனப் பெயர்பெற்ற பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. வற்றாத பேராறு இல்லாத இந்நாட்டில் மழைநீரைத் தேக்கியே உழவு நடந்தது. ஏரியின் உறுப்புகளை எண்ணிப் பார்ப்பது நம் பொருளுக்கு மிகவும் பயன்படும். கரை நீரைத் தடுக்கிறது. மதகு வயலுக்கு வேண்டிய நீரை அளந்து விடுகிறது. கலங்கல் மிகை நீரைக் கரை உடையாமல் வெளியேற்றி, அடுத்த ஏரிக்கு அனுப்புகிறது. கலங்கலின் உயரத்தை ஒரு சாண் கூட்டினால் மேற்புறத்து நிலம் மூழ்கும். ஒரு சாண் குறைத்தால் இவ்வூர் வயல் காயும். எனவே கலங்கற்கல்லின் உயரம் என்பது வெறும் கட்டட அளவு அன்று. மேலூரும் கீழூரும் பேசி முடித்துக்கொண்ட ஓர் உடன்படிக்கை கல்லில் உறைந்து நிற்பதே அது. யாருக்கு எவ்வளவு உரிமை, யார் எதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அக்கல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வடிவம் என்பதன் ஆழ்ந்த பொருள் இதுவே என நாம் கருதுகிறோம்.

இந்நிலப்பகுதியின் முகம் கடந்த முப்பது ஆண்டுகளில் மாறியது. 1971-இல் தமிழ்நாடு அரசு நிறுவிய சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பூங்காக்களை அமைத்தது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால்கொண்டது. அங்கு உருவான முதல் வகைக் கார்கள் 1998-இல் விற்பனைக்கு வந்தன. 2006-இல் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலையும், 2007-இல் சாம்சங் நிறுவனத்தின் வீட்டுச் சாதனத் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ – நிசான் கூட்டுத் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. வல்லம் – வடகால் பகுதியில் மற்றொரு தொழிற்பூங்கா எழுந்தது. உழவரின் மக்களும், தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்து வந்த இளம் பெண்களும், வட மாநிலத்தவரும் இங்கே தொழிலாளராயினர்.

வயல் மனையானபோது மதகின் பணி முடிந்துவிட்டது என எண்ணியோர் பலர். நீரோ அவ்வாறு எண்ணவில்லை. 2015 டிசம்பரில் பெருமழை பெய்தபோது, சென்னைக்கு மேற்கிலும் தெற்கிலும் தூர்ந்துபோன கால்வாய்களின் வழியை வெள்ளம் தானே தேடிக்கொண்டது; குடியிருப்புகள் மூழ்கின. வாய்க்காலின் வடிவத்தை அழிக்க மனிதரால் இயன்றது. வழிந்தோடுதல் என்னும் நீரின் பணியை அழிக்க இயலவில்லை. உரிய வடிவம் மறுக்கப்பட்ட பணி வேறொரு வடிவத்தில், பெரும்பாலும் அழிவு தரும் வடிவத்தில், வெளிப்படும் என்பதை இங்கு மனத்தில் இருத்திக்கொள்வோம். மனிதருடைய நிறுவனங்களிலும் இது மெய்யாவதைப் பின்னர்க் காண்போம்.

2. வடிவம் நிற்கப் பணி நீங்குதல்

முதல் நிலை, வடிவம் நிற்கப் பணி நீங்கிப்போவது. இதற்கு வெளிப்படையான சான்று நோக்கியா தொழிற்சாலை. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய கைப்பேசித் தொழிற்சாலைகளுள் ஒன்றாகப் பேசப்பட்ட அது, வரி வழக்குகளில் சிக்கி, நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது அதனுடன் செல்ல இயலாமல், 2014 நவம்பர் முதல் நாளில் உற்பத்தியை நிறுத்தியது. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்னும் சட்ட வடிவம் இருந்தது. மதிற்சுவரும் இயந்திரக் கூடமும் இருந்தன. வேலை மட்டும் இல்லை. பின்னர் 2019-இல் சால்காம்ப் என்னும் பின்லாந்து நாட்டில் தோன்றிய மின்னேற்றிக் கருவி நிறுவனம் அவ்விடத்தை எடுத்துக்கொள்வதாக அறிவிக்கப்பட்டது; கட்டடத்திற்கு மீண்டும் பணி கிடைத்தது. ஆனால் 2014-இல் வீடு திரும்பிய இளைஞருக்கும் பெண்களுக்கும் அந்த ஆண்டுகள் திரும்பவில்லை. கட்டடம் காத்திருக்கும், குடும்பம் காத்திருக்க இயலாது.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது, வடிவமும் இயக்கமும் இருந்தும் பணி நடைபெறாத நிலை. 2021 டிசம்பரில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். திருப்பெரும்புதூரை அடுத்து ஐபோன்களை இணைத்துத் தரும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதிகளுள் ஒன்றில் உணவு நஞ்சானது. 250-க்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நோயுற்ற தோழியர் எங்கிருக்கின்றனர், எந்நிலையில் இருக்கின்றனர் என்னும் செய்தி மற்றப் பெண்களுக்குச் சரிவரக் கிட்டவில்லை. சிலர் இறந்துவிட்டனர் என்னும் வதந்தி பரவியது. டிசம்பர் 17-ஆம் நாள் இரவு அவர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தனர். மறுநாளும் மறியல் நீடித்தது. ஏறத்தாழ 17,000 பேர் பணிபுரிந்த தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ஆம் நாளே மீண்டும் திறக்கப்பட்டது. தொழிலாளரின் விடுதிகளும் உணவுக்கூடங்களும் சிலவிடத்துத் தன் விதிமுறைகளுக்கு ஏற்ப இல்லை என ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அத்தொழிற்சாலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது.

இந்நிகழ்ச்சியில் இல்லாதிருந்தது எது? விடுதி இருந்தது, படுக்கை இருந்தது, உணவு வழங்குவோர் இருந்தனர், வாங்குபவரான உலகப் பெருநிறுவனம் எழுதிவைத்த நடத்தை விதிகளும் இருந்தன. இத்தனை வடிவங்களுக்கு நடுவே, ஒரு பெண் தன் தோழி உயிருடன் இருக்கிறாளா எனக் கேட்டு விடை பெறும் வழி ஒன்று இல்லை. கேட்டலும் விடையளித்தலும் ஆகிய பணிக்கு உள்ளே வடிவம் இல்லாதபோது, நெடுஞ்சாலையே அதற்கு வடிவமாயிற்று. முன்னர்க் கூறிய வெள்ளத்தின் நியதி இங்கே மனிதரிடத்தில் நிகழ்ந்ததை நாம் காண்கிறோம். சாலையை மறித்தமை சரியா தவறா என்னும் வினாவை மட்டும் எழுப்பி நின்றுவிடுவோர், கால்வாய் இருந்த இடத்தைப் பற்றிக் கேட்காமல் வெள்ளத்தைப் பழிப்பவரை ஒப்பர்.

அதன்பின் நிகழ்ந்த நன்மையையும் சொல்வது நேர்மை. வல்லம் – வடகாலில் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பு வளாகத்தைக் கட்டியது. 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதனைத் திறந்துவைத்தார். 13 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு அறுவர் என்பது அதன் அமைப்பு. ஒழுகும் கூரையும் நெருக்கடியும் கொண்ட வாடகைக் கட்டடங்களோடு ஒப்பிடும்போது இது பெரும் முன்னேற்றமாகும். ஆயினும் நம் பொருள் நம்மை மேலும் கேட்கத் தூண்டுகிறது. வீட்டின் பணி உறங்க இடம் தருவதோடு முடிவதில்லை. இரவு ஷிப்டு முடித்து வருபவள் பகலில் அமைதியாக உறங்க முடிகிறதா? தாய் வந்தால் அவளை உட்காரவைக்க இடம் உண்டா? உணவில் குறை கண்டவள் யாரிடம் சொல்வாள், சொன்னதன் பயனை எப்போது அறிவாள்? வாயிற்கதவு யாரைக் காக்க மூடுகிறது, யாரைத் தடுக்க மூடுகிறது? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளே அக்கட்டடம் வீடாகுமா என்பதைத் தீர்மானிக்கும். செங்கல்லின் எண்ணிக்கை அதனைத் தீர்மானிக்காது.

3. பெயர் ஒன்று, பணி வேறு

இரண்டாம் நிலை, வடிவத்திற்குச் சூட்டிய பெயர் ஒன்றாகவும், அதனுள் நிகழும் பணி வேறாகவும் இருப்பது. தொழிற்சாலையின் ஒரே வரிசையில் நின்று, ஒரே திருகை ஒரே வேகத்தில் முறுக்கும் நால்வரை எண்ணிக்கொள்வோம். ஒருவர் நிரந்தரத் தொழிலாளி. மற்றொருவர் பயிற்சியாளர். மூன்றாமவர் தொழில் பழகுநர். நான்காமவர் ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். நால்வரின் கைகளும் ஆற்றும் பணி ஒன்றே. ஆனால் சம்பளச் சீட்டு, விடுப்பு, வேலைப் பாதுகாப்பு, நிறுவனத்தின் பேருந்தில் அமரும் இடம் ஆகிய யாவும் அவரவர் தாங்கும் பெயரைப் பொறுத்து வேறுபடக் கூடும். கற்றுக்கொள்ள ஆறு திங்கள் போதுமான வேலையை ஒருவர் மூன்று ஆண்டுகள் செய்தபின்னும் பயிற்சியாளராகவே இருப்பாராயின், அவர் எதனைப் பயின்றுகொண்டிருக்கிறார் எனக் கேட்பது நியாயமே.

சட்டம் இதனைக் காணாமல் இருந்துவிடவில்லை. 1970-இல் நாடாளுமன்றம் ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் சட்டம் இயற்றியது. 1981-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய சட்டம், தொழில் நிலையம் ஒன்றில் 24 திங்கள் காலத்திற்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவர் நிரந்தரமானவராதல் வேண்டும் என வகுத்தது. இச்சட்டத்தின் உட்பொருள் எளியது: ஏட்டில் எழுதிய பெயரைப் பார்க்காதீர், உழைத்த நாளை எண்ணுங்கள்.

இதே நோக்கை உச்சநீதிமன்றம் 1978 ஜூலையில், ஹுசைன்பாய் என்பவரின் கோழிக்கோட்டுத் தொழிற்சாலை பற்றிய வழக்கில் தெளிவாக வெளியிட்டது. அத்தொழிற்சாலையில் கயிறு திரித்த 29 பேர் தம்முடைய ஆட்கள் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பது உரிமையாளரின் வாதம். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தாள்களோடு நின்றுவிடவில்லை. மூலப்பொருள் யாருடையது, இடமும் கருவியும் யாருடையவை, செய்பொருள் யாரைச் சென்று சேர்கிறது, அவர் வேலையை நிறுத்தினால் இவர்கள் வயிறு காயுமா என்று நோக்கினார். காயுமாயின் அவரே மெய்யான முதலாளி என்பது தீர்ப்பின் சாரம். ஒப்பந்தக்காரர் என்பவர் நடுவே தொங்கும் திரை. திரையை விலக்கிப் பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை.

எனினும் திரையை விலக்கக் காலமும் பொருளும் வேண்டும். வழக்காடி வெல்வதற்குள் பெயர் தன் வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. ஒரே பணியைச் செய்வோரைப் பல பெயர்களால் பிரித்தால், ஒருவர் துன்பம் மற்றவர்க்குத் தொலைவாகிவிடும். நிரந்தரத் தொழிலாளி ஒப்பந்தத் தொழிலாளியைத் தன் இடத்தைப் பறிக்க வந்தவராகக் காண்பார். ஒப்பந்தத் தொழிலாளி நிரந்தரத் தொழிலாளியைத் தன் உழைப்பின்மேல் அமர்ந்திருப்பவராகக் காண்பார். பெயர்ப்பலகை இவ்வாறு மனித உறவையே மாற்றியமைக்கிறது. பணியிலிருந்து வடிவம் பிறக்கிறது என்பது மெய்யாயின், பிறந்த வடிவம் மனிதரைத் தன் அச்சில் வார்க்கிறது என்பதும் மெய்யே.

4. பணி உண்டு, வடிவம் இல்லை

மூன்றாம் நிலைக்கு வருகிறோம். வடிவம் வெறும் புறத்தோல், உட்பொருளே முதன்மை என்று பேசுவது நம்மிடையே வழக்கம். அவ்வாறு பேசுவோருக்கு 2024-ஆம் ஆண்டின் சாம்சங் வேலைநிறுத்தம் நல்ல பாடமாகும். அங்கே தொழிலாளர் முதன்மையாகக் கேட்டவற்றுள் ஒன்று, வடிவமே.

குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றை உருவாக்கும் அத்தொழிற்சாலையின் தொழிலாளர் அவ்வாண்டில் சங்கம் அமைத்தனர். சி.ஐ.டி.யு. அதற்குத் துணைநின்றது. அப்போது நடைமுறையிலிருந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி பதிவு கோரி விண்ணப்பித்தனர். நிறுவனத்தின் வணிகப் பெயரைச் சங்கத்தின் பெயரில் சேர்த்ததற்கு நிறுவனம் மறுப்புத் தெரிவித்தது. பதிவு கிடைக்கவில்லை. செப்டம்பர் 9-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஏறத்தாழ 1,800 தொழிலாளருள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தொழிற்சாலைக்கு அருகே பந்தலிட்டு அமர்ந்தனர். அக்டோபர் 7-ஆம் நாள், நிறுவனம் தொழிலாளர் குழு ஒன்றுடன் உடன்பாடு கண்டதாக அறிவிக்கப்பட்டது. போராடியவர்கள் அதனை ஏற்கவில்லை. பந்தல் அகற்றப்பட்டது, பலர் கைது செய்யப்பட்டனர். மாநில அமைச்சர்கள் பேச்சு நடத்தியபின் அக்டோபர் 15-ஆம் நாள், 37 நாட்களுக்குப்பின், வேலைநிறுத்தம் முடிந்தது. பதிவு பற்றிய வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் முடிவெடுக்குமாறு ஆணையிட்டதைத் தொடர்ந்து 2025 ஜனவரி 27-ஆம் நாள் சங்கம் பதிவு பெற்றது. அடுத்த திங்களிலேயே சங்கப் பொறுப்பாளர் மூவர் இடைநீக்கம் செய்யப்பட, மீண்டும் போராட்டம் எழுந்தது. வடிவம் கிடைத்தவுடன் உறவு சீராகிவிடும் என்று எவரும் மயங்க வேண்டுவதில்லை.

ஒரு பதிவுத் தாளுக்காக ஒரு திங்களுக்கு மேல் ஊதியத்தை இழப்பானேன்? இதற்கு விடை காண நூறாண்டுகள் பின்னே செல்ல வேண்டும். இடமோ அதிகத் தொலைவில் இல்லை. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னை பெரம்பூரில், பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் எனப் பலரும் அதனைக் குறிப்பிடுவர். பி. பி. வாடியா தலைமையேற்றார், செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அடித்தளமிட்டனர், திரு. வி. க. உடனுழைத்தார். சங்கத்தின் பணி மிகச் சிறப்பாக நடந்தது. ஆனால் அதற்குச் சட்ட வடிவம் இல்லை. கதவடைப்பும் மோதலும் நிகழ்ந்தபோது ஆலை நிருவாகம் வாடியா முதலியோர்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது. வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. இறுதியில் வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்தே விலக நேர்ந்தது. பலர் கூடிச் செய்த ஒரு செயலின் சுமை முழுவதும் சில தனிமனிதரின் தோளில் விழுந்தது.

இந்நிகழ்ச்சியின் விளைவாகவே 1921-இல் என். எம். ஜோஷி நடுவண் சட்டப்பேரவையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்தார். அதன் பயனாக 1926-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. பதிவு பெற்ற சங்கம் சட்டத்தின் பார்வையில் தனக்கென ஒரு உடலைப் பெறுகிறது. அதற்குப் பெயரும் முத்திரையும் உண்டு, சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், உறுப்பினர் மாறினாலும் அது தொடரும். தொழில் தகராற்றில் எடுக்கும் முறையான நடவடிக்கைக்காக அதன் பொறுப்பாளர்மேல் வாடியா எதிர்கொண்டது போன்ற வழக்கைத் தொடுக்க இயலாது. ஆகவே பதிவு என்பது தாள் அன்று. பலவீனரான தனியாட்கள் அச்சமின்றிச் சேர்ந்து நிற்பதற்கான கூரை. வலிமையுடையோர் வடிவம் இல்லாமலும் தம் காரியத்தை நடத்திக்கொள்வர். ஒரு தொலைபேசி அழைப்பு அவர்களுக்குப் போதும். எளியவர்க்கு வடிவமே வலிமை.

குழு அமைத்துத் தருகிறோமே, அது போதாதா என்னும் வாதத்தையும் நோக்குவோம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டமே, 100 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் இரு தரப்பாரும் அமரும், தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை நிருவாகத் தரப்பைவிடக் குறையாத பணிக்குழுவுக்கு வழிவகுத்திருந்தது. அன்றாட உரசல்களைத் தீர்த்து நல்லுறவை வளர்ப்பது அதன் பணி. குடிநீர், விளக்கு, உணவுக்கூடம் பற்றிப் பேச அது நல்ல வடிவமே. ஆனால் ஊதியத்தையும் வேலை நிலைமைகளின் அடிப்படை மாற்றங்களையும் முடிவு செய்யும் உரிமை அதற்கில்லை என 1960-இல் நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிற்று. குழுவும் சங்கமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்: இரண்டிலும் தொழிலாளர் அமர்வர், பேசுவர், கையொப்பமிடுவர். வேறுபாடு ஒன்றில்தான் உள்ளது. தன்னை அமர்த்தியவர் யார், தன்னை நீக்க வல்லவர் யார் என்னும் வினாவுக்குச் சங்கத்தின் உறுப்பினர் தம் தோழரைச் சுட்டுவர். அச்சுட்டுதல் இல்லாத இடத்தில் பிரதிநிதி என்னும் பெயருக்குப் பொருளில்லை.

இவ்வினா நம் நாட்டோடு நிற்பதன்று. சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டுப் பேரத்தையும் பற்றிய பன்னாட்டுத் தொழில் அமைப்பின் 87, 98-ஆம் எண் ஒப்பந்தங்களை இந்தியா இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. தென்கொரியாவிலும் சாம்சங் நிறுவனம் நெடுங்காலம் சங்கமற்ற நிருவாகம் என்னும் போக்கைக் கடைப்பிடித்தது. 2020 மே திங்களில் அதன் அப்போதைய துணைத் தலைவர் லீ ஜே யோங் அதற்காகப் பொதுவில் வருத்தம் தெரிவித்து, அப்போக்கைக் கைவிடுவதாக அறிவித்தார். அங்கும் 2024-இல் அந்நிறுவனத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சியோலின் தொழிலாளியும் சுங்குவார்சத்திரத்தின் தொழிலாளியும் ஒரே ஆண்டில் ஒரே வினாவைக் கேட்டமை தற்செயல் எனத் தோன்றவில்லை.

5. நம் நிறுவனங்களின் நிலை

தொழிற்சாலைகளைப் பற்றி இவ்வளவு எழுதியபின், இவ்வளவுகோலைத் தொண்டு நிறுவனங்கள்மேலும் வைக்காமல் செல்வது முறையாகாது. பள்ளி, மருத்துவமனை, மாணவர் விடுதி, அச்சகம் முதலியவற்றைத் திருச்சபைகள் நடத்துகின்றன. அவற்றில் ஆயிரக்கணக்கானோர் ஊதியத்திற்குப் பணிபுரிகின்றனர். 1978 பிப்ரவரியில் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில், எழுவர் கொண்ட உச்சநீதிமன்ற ஆயம் தொழில் என்னும் சொல்லுக்கு விரிந்த பொருள் தந்தது. முதலாளி, பணியாளர் இருவரும் கூடி, முறையாக நடத்தி, மக்களுக்குப் பொருளோ சேவையோ வழங்கினால் அது தொழிலே. ஆதாயம் தேடுகிறதா என்பது பொருட்டன்று. மருத்துவமனையும் கல்வி நிலையமும் அறநிலையமும் பொதுவாக அதனுள் அடங்கும். நிறுவனம் தன்னை என்னவென்று அழைத்துக்கொள்கிறது என்பதை விடுத்து, அங்கே என்ன நடக்கிறது என்பதை நீதிமன்றம் நோக்கியது.

2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, முழுமையாகவோ பெரும்பகுதியோ அறப்பணியில் ஈடுபட்டுள்ள அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் தொழில் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. இது நமக்குச் சலுகை என மகிழ்வோர் இருக்கலாம். நாம் சற்று நின்று எண்ண வேண்டும். மருத்துவமனையின் தளத்தைத் துடைக்கும் பெண்ணின் கையும், தொழிற்சாலையின் தளத்தைத் துடைக்கும் பெண்ணின் கையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பலகையில் தொண்டு என எழுதியிருப்பதால் அவள் முதுகுவலி குறைவதில்லை. பயிற்சியாளர், தற்காலிகர், தொகுப்பூதியர் என்னும் பெயர்கள் நம் பதிவேடுகளிலும் உள்ளனவா? குறை கூற விரும்பும் சமையற்பணியாளர் யாரிடம் செல்வார்? சட்டம் கேட்காத இடத்தில் மனச்சான்று கேட்க வேண்டியுள்ளது. தொண்டு என்னும் வடிவம் தன் பணியாளரின் வாயை மூடும் பணியைச் செய்யுமாயின், அது முன்னர்க் கூறிய பெயர்ப்பலகைகளுள் ஒன்றாகிவிடும்.

முடிவுரை

வடிவம், பணி என்னும் இரண்டனுள் எது பெரிது என்னும் வழக்கு பயனற்றது. மதகு இல்லாத ஏரி வயலுக்கு உதவாது. நீர் இல்லாத மதகும் உதவாது. நாம் கண்ட மூன்று நிலைகளும் மூன்று வினாக்களை நம் கையில் தருகின்றன. எந்த நிறுவனத்திற்குள் நுழைந்தாலும் இவற்றைக் கேட்கலாம். முதலாவது, இவ்வமைப்பு எதற்காகத் தோன்றியதோ அப்பணி இன்று நடைபெறுகிறதா? இரண்டாவது, இங்கே ஒவ்வொருவரும் தாங்கும் பெயர் அவர் செய்யும் வேலைக்குப் பொருந்துகிறதா? மூன்றாவது, இங்கே நடந்துகொண்டிருந்தும் வடிவம் பெறாத பணி எது, அதனைச் சுமப்பவர் யார்?

முதலிரு வினாக்களைக் கேட்பதற்கு விழிப்பு போதும். மூன்றாவதைக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். ஏனெனில் அவ்வினாவுக்கு விடையளிக்க வல்லவர் பெரும்பாலும் குழுவில் அமர்ந்திருக்க மாட்டார். இரவு ஷிப்டு முடிந்து பேருந்தில் உறங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்புபவராக இருப்பார். கலங்கற்கல்லை நாட்டிய நம் முன்னோர் மேலூராரையும் கீழூராரையும் அழைத்துப் பேசிய பின்னரே அதன் உயரத்தை முடிவு செய்திருத்தல் வேண்டும். இல்லாவிடில் அக்கல் ஒரு மழைக்காலமும் நின்றிராது. இத்தொழில் வட்டாரத்தில் இனி எழவிருக்கும் விடுதிகளும் குழுக்களும் உடன்படிக்கைகளும் அவ்வாறே, அவற்றின்கீழ் வாழப்போகிறவர்களை அழைத்து அமரவைத்து அமைக்கப்படுமாயின், நெடுஞ்சாலையில் இரவில் வந்து அமரும் தேவை எவருக்கும் நேராது.